விழுந்த பல்லும் பிடுங்கின பல்லும்

ஆட்டின் வாயைப் பிளந்து பார்க்காவிட்டால் மருதாசலத்துக்குப் புதன்கிழமை விடிந்ததாகவே அர்த்தமில்லை. மேச்சேரிச் சந்தையில் அவன் இருபத்தைந்து வருஷத்துத் தரகன். செம்மறிக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. குட்டியாக இருக்கும்போது எட்டும் பால் பல். வயது ஏற ஏற நடுவிலிருந்து இரண்டிரண்டாக விழுந்து பெரிய பல் முளைக்கும். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு என்று அதை வைத்தே வயது சொல்வார்கள். ஓரத்துக் கடைசி ஜோடியும் முளைத்துவிட்டால் 'கடை முளைச்சாச்சு'. அதற்கு மேல் அந்த ஆட்டின் வயது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பாடத்தை மேச்சேரி வட்டாரத்தில் ஆடு மேய்க்கிற எந்தப் பிள்ளையும் சொல்லும். மருதாசலம் மட்டும் அதை மலையேறித் தவம் கிடந்து வாங்கி வந்த வரம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் பல்லில் தகராறு என்றால் அவனிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். தோளில் கிடக்கிற துண்டை உதறி மறுபடியும் போடுவான். ஆட்டின் தாடையில் கட்டைவிரலைக் கொடுத்து உதட்டை ஒரு தரம் ஒதுக்குவான். "நாலு பல்லு. ஓட்டிக்கிட்டுப் போ" என்பான். விரலை ஆட்டின் முதுகிலேயே துடைத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போய்விடுவான்.

அவனிடம் ஒரு தமாஷ் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். கல்யாண வீடோ கிடா விருந்தோ, பந்தியில் நாலு பேர் சேர்ந்தால் அதை எடுத்து விடுவான். "ஆட்டுக்குப் பல்லப் பாத்தேன், மாட்டுக்குச் சுழியப் பாத்தேன். பொண்டாட்டிக்கு மட்டும் சாதகத்தப் பாத்து ஏமாந்துட்டனப்பா!" இருபத்து மூன்று வருஷமாக அதே சொல், அதே ஏற்ற இறக்கம், கடைசியில் தொடையில் அதே தட்டு. கேட்கிறவர்களும் வெட்கமில்லாமல் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சிரித்தார்கள். சித்ரா சாம்பார் வாளியோடு பக்கத்து வரிசையில் நிற்பாள். வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்த மாதிரி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் "அதுக்குள்ள கோவத்தப் பாரு" என்பார்கள்.

சித்ராவுக்கு மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. உதடு முழுசாக மூடாது. பெண் பார்க்க வந்த அன்று, "என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு சாமி, வாயத் தொறந்துறாத" என்று சின்னம்மா சொல்லித்தான் காப்பித் தட்டைக் கையில் கொடுத்தாள். அவள் ஆட்டினாள். அதிலிருந்து இந்த நாற்பத்து மூன்று வயது வரைக்கும் பெரும்பாலும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன பங்குனியில் கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. ஓமலூரில் பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறாள் என்று போனாள். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சொத்தையை அடைத்துவிட்டு, "பல்லு நெருக்கமா இருக்கறதாலதாம்மா சுத்தம் பண்ண முடியாமச் சொத்தையாகுது. கம்பி போட்டுச் சீராக்கிக்கலாமே" என்றாள்.

"எனக்கா? இந்த வயசுலயா?" என்று சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"பல்லுக்கு உங்க வயசு தெரியாதும்மா. எலும்பு நல்லாயிருந்தா அறுவதுலயும் நகரும். என்ன, இடம் வேணும். மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலு பல்ல எடுத்துட்டுத்தான் கம்பி கட்டணும். ரெண்டு வருஷம் ஆகும்."

ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு பால் கறந்தாள். இரண்டு எருமை அவளுடையது. சொசைட்டியில் விழுகிற பால் பணமும் அவளுடையது. யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் செய்ய முடியாத வீடு. ஒரு ராத்திரி களியும் கீரைக் கடைசலும் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, பல்லுக்குக் கம்பி போட்டுக்கலாம்னு இருக்கறனுங்க."

மருதாசலம் களியை உருட்டினவன் அப்படியே நிறுத்தினான். "ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"காட்டுக்குக் கம்பி வேலி போடோணும்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கறேன். அதுக்குள்ள நீ உன்ற வாய்க்குப் போட்டுக்கறயா? உள்ள என்ன பயிரு வெச்சிருக்கற, ஆடு பூந்து மேஞ்சுரும்னு?"

மகள் வித்யா களுக்கென்று சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நாலு பல்லப் புடுங்கோணுமாமுங்க."

"நல்லாருக்கற பல்லயா? பல்லு போனாச் சொல்லு போச்சும்பாங்க. உனக்குச் சொல்லே கெடையாது, அதனால நட்டமில்ல." தன் பேச்சைத் தானே மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினான். "நாப்பத்தி மூணு வயசுல உன்ன ஆரு புள்ள பொண்ணு பாக்க வரப்போறாங்க?"

"ஆரும் வர வேண்டாமுங்க. எனக்குச் சிரிக்கோணும். அவ்வளவுதான்."

உருட்டி வைத்த களியை விழுங்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

வைகாசியில் மேலும் கீழுமாக நாலு பல்லையும் எடுத்தாள் டாக்டர். கோரைப்பல்லுக்கு அடுத்த பல், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. ரத்தம் நின்ற பிறகும் நாக்கு சும்மா இருக்கவில்லை. பால் கறக்கும்போதும் சாணி வழிக்கும்போதும் தானாகப் போய் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தது. முதலில் கிணறு மாதிரி ஆழம். அப்புறம் ஓரம் சுருங்கியது, மெத்தென்று ஒரு சதை மூடியது. மூடினாலும் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அந்த நாலு பள்ளத்தின் உள்ளும் புறமும் அவள் நாக்குக்கு மனப்பாடம்.

ஆனி கடைசியில் கம்பி ஏறியது. முதல் மூன்று நாள் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. சோற்றைக் கடிக்க முடியவில்லை. களி மட்டும் கைவிடவில்லை, அதைக் கடிக்கிற வேலையே இல்லை, விழுங்கினால் போதும். கன்னத்தின் உள்பக்கம் கம்பி குத்திப் புண்ணான இடத்தில் டாக்டர் கொடுத்த மெழுகை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். வேலைக்குக் குறைவா? சந்தையில் பிடிக்கிற ஆட்டை மருதாசலம் கொண்டுவந்து பின்பக்கப் பட்டியில் அடைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவான். அடுத்த ஆள் கைக்குப் போகிற வரைக்கும் தண்ணீர் காட்டுவதும், சோளத்தட்டு போடுவதும், கழிசலுக்கு மருந்து ஊற்றுவதும், புழுக்கை கூட்டுவதும் சித்ரா. அவன் ஒரு நிமிஷம் பார்க்கிற வாயை அவள் வாரம் முழுக்கப் பார்த்தாள். ஆனால் பல் பார்க்கத் தெரிந்தவன் அவன்தான் என்று ஊர் சொன்னது.

ஊருக்கு அவள் வாய் ஒரு மாசத்துக்குப் பொழுதுபோக்கு. சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது கந்தம்மாள் கேட்டாள், "ஏ அம்மிணி, வாயில டவரு வெச்சிருக்கறயாமா? செல்லு நல்லா எடுக்குதா?"

"எடுக்குதுங்கக்கா. நீங்க பேசறது மட்டுந்தான் உழுகறதில்ல."

வரிசை சிரித்தது. சித்ராவும் சிரித்தாள். கை பாதி தூரம் வாய்க்குப் போய், பால் கேனைப் பிடிக்கத் திரும்பிவிட்டது.

ஆவணி பிறந்ததும் வித்யாவுக்குத் திருச்செங்கோட்டு இடம் கூடி வந்தது. பையன் கதிர், அவள் படித்த காலேஜிலேயே இரண்டு வருஷம் முன்னால் படித்தவன். அப்பா அர்த்தநாரி. போர் போடுகிற ரிக் லாரி இரண்டு வைத்திருந்தார், ஒன்று சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தோட்டம் வாங்கி ஆட்டுப் பண்ணை போட ஆசை. அது காதில் விழுந்ததும் மருதாசலத்துக்குத் தலை கால் தெரியவில்லை. "சம்பந்தி, ஆட்டுக்கு நீங்க எங்கீம் போவ வேண்டாம். இருவது மேச்சேரிப் பெட்டை, கடை முளைக்காதது, எல்லாம் என்ற சீரு" என்று போனிலேயே சத்தியம் பண்ணினான். கடை முளைக்காத பெட்டை இன்னும் நாலைந்து ஈத்து ஈனும். முளைத்ததை வாங்கினால் கிழடா குமரியா என்று தெரியாமல் தீனி போட வேண்டியதுதான். நிச்சயம் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் என்று பேச்சு.

அந்த வாரமே பையனின் அம்மா முத்தாயம்மாள் போன் பண்ணினாள். மருதாசலம் ஸ்பீக்கரில் போட்டான். அவனுக்கு எல்லாம் ஸ்பீக்கர்தான்.

"ஏனுங்க, ஒன்னு சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. அம்மிணி வாயில கம்பி போட்டிருக்கறாங்கல்ல? நிச்சயத்துக்கு எங்க சொந்தம் முன்னூறு பேரு வருமுங்க. பொண்ணுக்குக் கம்பியா, பொண்ணு அம்மாளுக்கான்னு கேப்பாங்க. பொண்ணுக்கும் பல்லுல கொறையிருக்கும், மறச்சிருப்பாங்கன்னு பேசுவாங்க. அதுக்குள்ள கழட்டிப்புட்டாத் தேவுலைங்க."

"அதுக்கென்னங்க, கழட்டிப் போட்டறலாம்! நானே சொல்லோணும்னுதான் இருந்தேன். வெள்ளிக்கெழம கூட்டிக்கிட்டுப் போயிக் கழட்டீர்றனுங்க" என்றான் மருதாசலம். கழற்றுவது என்னவோ அவன் வண்டி டயர் மாதிரி.

சித்ரா அப்போதே ஓமலூருக்குப் போன் போட்டாள். டாக்டர் பதறினாள். "இப்பக் கழட்டினா இருந்ததவிட மோசமாயிடும்மா. பல்லு பழையபடி முன்னால வந்துரும். எடுத்த நாலு இடமும் ஓட்டையாவே நின்னுரும். நாலு நல்ல பல்லு போனதுதான் மிச்சம். யாரு சொன்னாலும் கழட்டாதீங்க."

மருதாசலத்திடம் சொன்னாள். "ஓட்ட இருந்தா என்ன? உன்ற வாயில கோயிலா கட்டப்போற?" என்றான். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அவனிடமிருந்து வேறு எதிர்பார்த்தால்தானே வலிக்கும்? ஆனால் ராத்திரி பாத்திரம் துலக்கும்போது வித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நிச்சயம் முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாமில்ல?"

"போட முடியாது சாமி. ஒருக்காக் கழட்டினா அவ்வளவுதான்."

"எனக்காகம்மா. ஒரே ஒரு நாளு."

அது சுட்டது. வித்யாவின் இந்த இருபத்திரண்டு வயதுவரை எல்லாம் அவளுக்காகத்தான் நடந்தது. வாய்க்குள் இருக்கிற இந்த முழம் கம்பி ஒன்றுதான் சித்ரா தனக்காக வைத்துக்கொண்டது. அதையும் கழற்றிக் கொடு என்கிறாள் பெற்ற மகள். சித்ரா சட்டியின் அடியை இரண்டு தரம் தேய்த்தாள்.

புதன்கிழமை தூறலில் மருதாசலம் ஆடு பிடித்தான். தருமபுரிப் பக்கத்து வியாபாரி ஒருவன் இருபது பெட்டையை ஒட்டுக்காக, மொத்தமாக ஓட்டி வந்திருந்தான். டெம்போவிலிருந்து இறக்கிப் பட்டியில் விடும்போதே மருதாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாரு, அத்தனையும் கடை முளைக்காதது. சம்பந்தி ஊடு ஆயுசுக்கும் என்ற பேரச் சொல்லும்."

மறுநாள் காலையில் கடலைக்கொடி போட்டாள் சித்ரா. பதினைந்து ஆடு முண்டியடித்துத் தின்றது. ஐந்து மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. காய்ச்சல் என்று காதைத் தொட்டாள், சூடில்லை. கழிசலும் இல்லை. புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் கொண்டுபோனாள். அதே ஐந்தும் ஓடி வந்து உறிஞ்சின.

பசி இருக்கிறது, கடிக்க முடியவில்லை. கம்பி ஏறின வாரம் அவள் இருந்த இருப்பு அதுதான்.

ஒன்றைத் தொடைக்கு நடுவில் பிடித்து உதட்டை ஒதுக்கினாள். ஆறு பெரிய பல். ஓரத்தில் இரண்டு பக்கமும் காலி. பால் பல் விழுந்து கடை முளைக்கப் போகிற ஆடு பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். பார்த்துவிட்டு விட்டிருந்தால் அவளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பால் பல் தானாக விழுகிறதென்றால் அடியில் புதுப் பல் தள்ளுகிறது என்று அர்த்தம். ஈறுக்குள் அரிசி மணி மாதிரி கெட்டியாக ஒன்று விரலில் இடறும். இங்கே ஒன்றும் இடறவில்லை. விரல் உள்ளே இறங்கியது. ஓரம் சுருங்கி, மேலே மெத்தென்று சதை மூடின பள்ளம். அவள் நாக்கு தானாகத் தன் வாயில் இருந்த பள்ளத்துக்குப் போனது. விரலுக்கும் நாக்குக்கும் ஒரே சேதி.

முளைத்த கடைப்பல்லைக் குறட்டால் பிடுங்கியிருக்கிறார்கள். பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது. கிழட்டு ஆட்டைக் குமரியாக்கி விற்கிற வித்தை. ஐந்தையும் பார்த்தாள். ஐந்தும் அப்படியே. அவளுக்குக் கோபத்தைவிட அருவருப்புத்தான் வந்தது. தனக்காவது ஊசி போட்டு எடுத்தார்கள்; இந்த வாயில்லாத சீவனை எவன் எந்த மரத்தடியில் அமுக்கிப் பிடித்தானோ!

பொழுதோடு மருதாசலம் வந்ததும் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏ சித்ரா, கம்பி போட்டவொன்னப் பல் டாக்டரு ஆயிட்டயா? இருவத்தஞ்சு வருசமா லச்சம் வாயப் பாத்தவன் நான். எனக்கே பாடமா?"

"நீங்க பாத்தீங்க. நான் தொட்டுப் பாத்தனுங்க. வேணும்னா வந்து விரல வெச்சுப் பாருங்க."

"போயி வேலையப் பாரு. ஞாயித்துக்கெழம சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. அவங்க முன்னால இந்த வாயத் தொறந்துறாத. நாளைக்கிக் காத்தால ஓமலூரு போறோம், ஒன்பது மணி பஸ்ஸூ."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கத்தினான். அவள் எருமையின் வயிற்றைத் தேய்த்தாள். பஸ் போய்விட்டது. "சரி, அடுத்த வெள்ளி. அன்னைக்கும் வரலைன்னா நானே கொறடு போட்டுக் கழட்டிருவேன்" என்றான். வாய்வீச்சு. சந்தையில் ஆட்டுக் குட்டி உதைத்தாலே துள்ளி விலகுகிறவன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அர்த்தநாரியும் முத்தாயம்மாளும் காரில் வந்தார்கள். கறி வெந்துகொண்டிருந்தது. வித்யா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முத்தாயம்மாள் சித்ராவின் முகத்தைப் பார்த்தாள், பார்வை வாயிலேயே நின்றது.

"இன்னும் கழட்டலீங்களா அம்மிணி?"

சித்ரா வாயெடுப்பதற்குள் மருதாசலம் குறுக்கே விழுந்தான். "இந்த வெள்ளிக்குக் கழட்டீர்றமுங்க! அத உடுங்க. ஆட்டுக்குப் பல்லப் பாத்தேன், மாட்டுக்குச் சுழியப் பாத்தேன், பொண்டாட்டிக்கு மட்டும் சாதகத்தப் பாத்து ஏமாந்துட்டனுங்க!" தொடையில் தட்டினான். முத்தாயம்மாள் சிரித்தாள். அர்த்தநாரி சிரிக்கவில்லை, காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

எல்லாரும் பட்டிக்குப் போனார்கள். சித்ரா தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்தாள். ஆடெல்லாம் செவலையாக, மயிர் மினுமினுவென்று நின்றது. அர்த்தநாரிக்கு முகம் மலர்ந்தது.

"தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இருந்தாலும் நீங்களே காட்டுங்க சம்பந்தி, நானுங் கத்துக்கறேன்."

இதைவிட மருதாசலத்துக்கு வேறென்ன வேண்டும்? துண்டை உதறிப் போட்டான். கையெட்டின தூரத்தில் நின்ற ஆட்டைப் பிடித்தான். அது அந்த ஐந்தில் ஒன்று. உதட்டை ஒதுக்கினான்.

"பாருங்க, ஆறு பல்லு. ஓரத்துல காலியா இருக்குதுங்களா? பால் பல்லு இப்பத்தான் உழுந்துருக்குது. கடை இனிமேத்தான் முளைக்கும். இளசுன்னா இளசு, அப்படியொரு இளசு!"

அர்த்தநாரி குனிந்து பார்த்து, "ஓகோ, இதானுங்களா?" என்றார்.

சித்ரா செம்போடு நின்றாள். பேசாமல் இருந்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. கறிச்சோறு தின்றுவிட்டு நாள் குறித்துக்கொண்டு போவார்கள். ஆறு மாசத்தில் அந்த ஐந்தும் சினை பிடிக்காமல், தீனி கடிக்காமல் எலும்பும் தோலுமாக நிற்கும். யாராவது ஒரு மேய்ப்பன் வாயைத் திறந்து பார்த்துச் சொல்வான். அன்றைக்கு மருதாசலம் இங்கே மீசையைத் தடவிக்கொண்டிருப்பான். 'உங்கொப்பன் குடுத்த சீரு' என்கிற பேச்சு அந்த வீட்டில் அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் விழும். தன்னைப் போலவே வித்யாவும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள்.

சித்ரா செம்பைச் சுவரோரம் வைத்தாள்.

"அது தானா உழுந்ததில்லீங்க. புடுங்குனது."

மருதாசலம் திரும்பினான். "ஏய், உள்ள போ."

"இது கடை முளைச்சுப் பல வருசமான ஆடுங்க. முளைச்ச பல்லக் கொறடு வெச்சுப் புடுங்கியிருக்கறாங்க. இது மாதிரி அஞ்சு இருக்குதுங்க இதுக்குள்ள."

"பொம்பள பேச்சக் கேக்காதீங்க சம்பந்தி. கம்பி போட்டதுலருந்து இவளுக்கு—"

"இருங்க" என்றார் அர்த்தநாரி. "அம்மிணி, எப்படிச் சொல்லறீங்க?"

"விரல வைங்க இங்க. அழுத்துங்க. அடியில பல்லு முட்டுதுங்களா?"

அர்த்தநாரி அழுத்தினார். "இல்லீங்க. பள்ளமா இருக்குது."

சித்ரா பக்கத்தில் நின்ற நல்ல ஆடு ஒன்றின் வாயைத் திறந்து அதே இடத்தில் அவர் விரலை வைத்தாள். "இது தானா உழுந்தது. இப்பச் சொல்லுங்க."

"ஆமாங்க, முட்டுது! கல்லு மாதிரி."

"இன்னும் நம்பிக்க இல்லீன்னா இங்க பாருங்க." கீழுதட்டைத் தன் விரலால் இழுத்துப் பிடித்தாள். பிறகு மேலுதட்டைத் தூக்கினாள். பதினொரு மணி வெயில் கம்பி, கம்பியைக் கட்டின ரப்பர், ஈறு, ஏறி நின்ற பல், நாலு பள்ளம் எல்லாவற்றின்மேலும் விழுந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு அகலமாக அவள் வாயை டாக்டரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. உதட்டைப் பிடித்தபடியே பேசியதால் சொல் குழறியது. "இதுவும் புடுங்குனதுதானுங்க. மூணு மாசமாச்சு. புடுங்குன எடம் எப்படி மூடும், எப்படிப் பள்ளமா நிக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டும் ஒன்னா இல்லையான்னு நீங்களே பாருங்க."

முத்தாயம்மாள் முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் எட்டிப் பார்த்தாள். அர்த்தநாரி ஆட்டின் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டார்.

"நான் முப்பது வருசமாக் குழியத்தான் பாத்துக்கிட்டு இருக்கறேன் சம்பந்தி. இது தானா ஆன குழி இல்ல. போட்ட குழி."

மருதாசலம் விரலை ஆட்டின் முதுகில் துடைத்துக்கொண்டான்.

"பாஞ்சு ஆடு நல்ல ஆடுங்க" என்றாள் சித்ரா. "அத ஓட்டிக்கிட்டுப் போங்க. அஞ்சும் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு என்ற புள்ளய ஒரு சொல்லுச் சொல்லறதுக்கு எடம் வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்." முத்தாயம்மாள் பக்கம் திரும்பினாள். "இன்னொன்னும் சொல்லீர்றனுங்க. நான் கம்பியக் கழட்டப் போறதில்ல. கழட்டினா ஓட்ட வாயாப் போயிரும். நிச்சயத்துக்குக் கம்பியோடதான் நிப்பேன். முன்னூறு பேருக்கும் ஒவ்வொருத்தரா வேணும்னாலும் காட்டறேன். அது ஆவாதுன்னா இப்பவே சொல்லிருங்க, கறிச்சோறு தின்னுட்டு மனசுல வெச்சுக்க வேண்டாம்."

குக்கர் விசில் அடித்தது. பின்வாசல் நிலையில் வித்யா நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாளோ.

"நல்லா வாய் பேசறீங்க அம்மிணி" என்றாள் முத்தாயம்மாள் கடைசியில். "போட்டோ எடுக்கறப்பவாவது மூடிக்குவீங்களா?"

"சிரிப்பு வந்தாச் சிரிப்பனுங்க."

அர்த்தநாரி பட்டிப் படலைத் திறந்தார். "வா முத்தாயி, பசிக்குது. ஆட்டுல இருந்த பொய்ய அவங்களே எடுத்துக் காட்டிப்புட்டாங்க. வாயில போட்டிருக்கற கம்பிய மறைக்கலீன்னு நாம சண்ட புடிக்கறதா?"

முத்தாயம்மாளுக்கு மனசு ஆறவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டாம் தரம் கறிக் குழம்பு கேட்டு ஊற்றிக்கொண்டாள். ஆவணி இருபத்தொன்பது என்று நாள் பேசி முடித்தார்கள். மருதாசலம் பந்தியில் தன் தமாஷை எடுத்து விடவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொழுது சாய டெம்போவில் பதினைந்து ஆடும் போயின.

கார் திரும்பிப் போன பிறகு பட்டியில் ஐந்து ஆடும் அவர்கள் இரண்டு பேரும். சித்ரா புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தாள். மருதாசலம் படலில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணினான். குரல் உள்ளே போயிருந்தது.

"அஞ்சா?"

"அஞ்சுதான்."

"எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சுது" என்றான்.

கரைக்கிற கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லறீங்க?"

"ரெண்டு தெரியும் புள்ள. சந்தையிலயே தெரியும். ஒட்டுக்கா எடுத்தாக் கொறச்சுத் தாரேன்னான். சீருக்குக் குடுக்கறதுதான, இருவதுல ரெண்டு போனா ஆரு பாக்கறான்னு... அவன் அஞ்சத் தள்ளிப்புட்டான். என்னையவே ஏச்சுப்புட்டான் பாரு, அயோக்கியன்."

இத்தனை வருஷமும் அவனைத் தற்பெருமைக்காரன், வெறும் வாய் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதுவும் அவனுக்குக் கொடுத்த மரியாதைதான் என்று இப்போது தெரிந்தது. பெற்ற மகளின் சீரில் கிழடு கலந்தவன், ஏமாற்றினதற்காக அல்ல, ஏமாந்ததற்காக வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கிறான்.

"அப்ப மூணுக்குக் கண்ணு தெரியல, ரெண்டுக்கு மானம் தெரியல" என்றாள் சித்ரா.

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கரைத்த புண்ணாக்கை ஐந்து ஆட்டுக்கும் நடுவில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக நின்று அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம நான் மட்டும் ஓமலூரு போறேன். கம்பிய இன்னொரு சுத்து இறுக்கிக்கிட்டு வாரேன். இந்த அஞ்சும் எங்கீம் போவாது. எவன் தலையிலயும் கட்ட உட மாட்டேன், சாவற வரைக்கும் என்ற பட்டியில என்ற பால் காசுல தின்னுக்கிட்டுக் கெடக்கும். நீங்க தெனமும் காத்தால வந்து இதுகளுக்குக் கரைச்சு வைங்க."